மருத்துவமனை மீது குண்டு விழுந்தால்: சட்டம் சொல்வது என்ன, ஓட்டை இருப்பது எங்கே

போர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடமாகியிருக்கும். ஒரு மருத்துவமனை தாக்கப்பட்டதாக முதலில் செய்தி வரும். அடுத்து, அது மருத்துவமனையே இல்லை, ஆயுததாரிகளின் கட்டளை மையம் என்று தாக்கிய தரப்பின் அறிக்கை வரும். அப்புறம் சமூக ஊடகங்களில் சண்டை. "மருத்துவமனையைத் தொட்டாலே போர்க்குற்றம்" என்று ஒரு பக்கம், "உள்ளே துப்பாக்கி இருந்தால் அடிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது" என்று இன்னொரு பக்கம்.

இரண்டுமே அரைகுறை. சட்டத்தில் விதி தெளிவாகவே இருக்கிறது, அதற்கு ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, அந்த விதிவிலக்கும் பலர் நினைப்பதைவிட மிகக் குறுகியது. சிக்கல் வேறு இடத்தில். விதிவிலக்கு பொருந்தியது என்று யார் நிரூபிப்பது, அதை யார் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை உருப்படியான பதில் இல்லை. அந்த இடத்துக்குப் போவதற்கு முன் அடிப்படையிலிருந்து வருவோம்.

## யாருக்கு, எதற்குப் பாதுகாப்பு?

1859 ஜூனில் வட இத்தாலியின் சோல்ஃபரினோவில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்ததைப் பார்த்தவர் சுவிஸ் வணிகர் ஹென்றி டுனாண்ட். அவர் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாக 1864 ஆகஸ்டில் 12 நாடுகள் சேர்ந்து முதல் ஜெனீவா ஒப்பந்தத்தைச் செய்தன. பத்தே பிரிவுகள்தான். காயம்பட்டவன் எந்தப் பக்கத்து வீரனாக இருந்தாலும் சிகிச்சை தர வேண்டும், அவனைக் கவனிக்கும் ஆளையும் தூக்கிப் போகும் வண்டியையும் தாக்கக்கூடாது, அடையாளத்துக்கு வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. இன்றைய சட்டத்தின் எலும்புக்கூடு இதுவே.

இப்போது நடைமுறையில் இருப்பவை 1949இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்கள். உலகின் எல்லா நாடுகளும், அதாவது 196 நாடுகள், இவற்றில் சேர்ந்திருக்கின்றன. 1977இல் இரண்டு கூடுதல் நெறிமுறைகள் வந்தன. முதலாவது நாடுகளுக்கிடையிலான போருக்கு, இரண்டாவது உள்நாட்டுப் போருக்கு. இந்த நெறிமுறைகளில் அமெரிக்கா, இஸ்ரேல், இந்தியா, இலங்கை எதுவும் சேரவில்லை. அதனால் அவற்றுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தமில்லை. மருத்துவப் பாதுகாப்பு பற்றிய முக்கிய விதிகள் வழக்காற்றுச் சட்டமாக, அதாவது கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாக, ஏற்கப்பட்டுவிட்டன. உள்நாட்டுப் போரிலும் காயம்பட்டோரைச் சேகரித்துக் கவனிக்க வேண்டும் என்பது நான்கு ஒப்பந்தங்களிலும் பொதுவாக உள்ள மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது.

பாதுகாப்புப் பெறுபவை நான்கு:

1. இடம்: மருத்துவமனை, கிளினிக், இரத்த வங்கி, மருந்துக் கிடங்கு. பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக நடத்தும் சிகிச்சை நிலையமானாலும் சரி, கூடாரமானாலும் சரி.
2. வண்டி: ஆம்புலன்ஸ், மருத்துவ விமானம், மருத்துவக் கப்பல்.
3. ஆள்: மருத்துவர், செவிலியர் மட்டுமல்ல. மருத்துவப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஓட்டுநர், நிர்வாகி, சமையல்காரர் வரை.
4. நோயாளி: காயம்பட்டுச் சண்டையிட முடியாமல் படுத்திருக்கும் போராளி உட்பட.

இந்த நான்காவதுதான் பலருக்கு உறைப்பதில்லை. "அந்த மருத்துவமனையில் தீவிரவாதிகளுக்குச் சிகிச்சை தந்தார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொல்வார்கள். சட்டப்படி அது குற்றச்சாட்டே இல்லை, மருத்துவமனையின் வேலையே அதுதான். காயம்பட்டு ஆயுதத்தைக் கீழே போட்ட கணத்திலிருந்து அவர் தாக்கத்தக்க இலக்கு அல்ல.

## பாதுகாப்பு எப்போது விலகும்?

தன் மனிதாபிமானப் பணிக்கு வெளியே, எதிரிக்குத் தீங்கு விளைவிக்கும் செயலுக்கு மருத்துவமனை பயன்படுத்தப்பட்டால் பாதுகாப்பு விலகலாம். மாடியில் மோர்ட்டார் வைத்துச் சுடுவது, அடித்தளத்தை ஆயுதக் கிடங்காக்குவது, காயமில்லாத வீரர்கள் ஒளிந்துகொள்ள இடம் தருவது, ராணுவக் கண்காணிப்பு நிலையமாக்குவது போன்றவை இதில் வரும்.

எது வராது என்பதையும் ஒப்பந்தமே எழுதி வைத்திருக்கிறது:

- வாசலில் காவலர் நிற்பது.
- மருத்துவ ஊழியர்கள் தம்மையும் நோயாளிகளையும் காக்கச் சிறு ஆயுதம் வைத்திருப்பது.
- காயம்பட்டவர்களிடமிருந்து வாங்கி இன்னும் ஒப்படைக்கப்படாத துப்பாக்கிகள் உள்ளே இருப்பது.

ஆக, "உள்ளே நாலு துப்பாக்கி கிடைத்தது" என்று ஒரு புகைப்படம் வெளியானால் அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

சரி, உண்மையிலேயே மாடியிலிருந்து சுடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உடனே குண்டு போடலாமா? அதற்கும் படிகள் உண்டு:

1. முதலில் எச்சரிக்கை தர வேண்டும்.
2. பொருத்தமான சூழலில் நியாயமான அவகாசம் தர வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களை வெளியேற்ற அரை மணி நேரம் போதுமா என்பது இங்கே வரும் கேள்வி.
3. எச்சரிக்கை பொருட்படுத்தப்படாமல் போயிருக்க வேண்டும்.
4. அதன் பிறகும், கிடைக்கப்போகும் ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால் பொதுமக்களுக்கு நேரும் சேதம் மிதமிஞ்சியதாக இருக்கக்கூடாது. சேதத்தைக் குறைக்க முடிந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால்? பொதுமக்கள் பயன்பாட்டுக் கட்டடம் அப்படியே பயன்படுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது முதல் கூடுதல் நெறிமுறை. நிரூபிக்க வேண்டியவர் தாக்குபவர்தான், மருத்துவமனை அல்ல.

இன்னொன்று. கட்டடத்துக்குப் பாதுகாப்பு போனால் உள்ளே இருக்கும் மனிதர்களுக்கும் போய்விட்டது என்று ஆகாது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தபோது நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள் என்பது இந்தியத் தரப்பின் விளக்கம். அதை முழுதாகவே ஏற்றுக்கொண்டாலும், கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்த குழந்தை மருத்துவரைச் சுட்டதற்கு அந்த விளக்கம் உதவாது. தீபாவளியன்று தொடங்கிய இந்தச் சம்பவத்துக்காக யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

## குந்தூஸ்: எல்லா விதியும் தெரிந்த படை செய்தது

சட்டம் எங்கே நழுவுகிறது என்று புரிந்துகொள்ள ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், இங்கே தாக்கிய தரப்பே விசாரித்து, பல உண்மைகளை ஒப்புக்கொண்டு, அறிக்கையும் வெளியிட்டது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு (எம்.எஸ்.எஃப்) 2011இலிருந்து குந்தூஸில் விபத்து, காய சிகிச்சை மருத்துவமனை ஒன்றை நடத்தி வந்தது. 2015 செப்டம்பர் 28 அன்று நகரம் தாலிபான் கையில் விழுந்தது. மறுநாளே எம்.எஸ்.எஃப் தன் ஜி.பி.எஸ் ஆயத்தொலைவுகளை அமெரிக்க, ஆப்கன் தரப்புகளுக்கு மீண்டும் ஒருமுறை அனுப்பியது. தாக்குதல் நடந்த இரவில் உள்ளே 105 நோயாளிகள். அவர்களில் சுமார் 20 பேர் காயம்பட்ட தாலிபான்கள், மூன்று நான்கு பேர் அரசுப் படையினர் என்று எம்.எஸ்.எஃப் மறைக்காமலே சொன்னது. மேலே சொன்ன நான்காம் வகை, அவ்வளவுதான்.

அக்டோபர் 3, அதிகாலை 2.08. அமெரிக்காவின் ஏசி-130 விமானம் சுடத் தொடங்கியது. மொத்தம் 211 குண்டுகள். இறந்தவர்கள் 42 பேர்: நோயாளிகள் 24, ஊழியர்கள் 14, உடனிருந்த உறவினர்கள் 4.

அமெரிக்க ராணுவ விசாரணையின்படி நடந்தது இது. விமானம் அவசரமாகக் கிளம்பியதால் குழுவினருக்கு வழக்கமான விளக்கம் தரப்படவில்லை, தாக்கக்கூடாத இடங்களின் பட்டியலும் அவர்கள் கையில் இல்லை. மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருந்தது என்பதுதான் இதில் கொடுமை. பறக்கும்போது தகவல் தொடர்புக் கருவிகளில் கோளாறு. குறிவைத்த இடம் தாலிபான் பிடித்துவிட்டதாகக் கருதப்பட்ட ஆப்கன் உளவுத்துறைக் கட்டடம், மருத்துவமனையிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி. கொடுத்த ஆயத்தொலைவைப் போட்டபோது கருவி ஒரு வெற்று நிலத்தைக் காட்ட, குழுவினர் பக்கத்தில் இருந்த பெரிய கட்டடத்தைப் பார்த்து, வாய்மொழி வர்ணனையோடு ஒத்துப்போகிறது என்று முடிவு செய்துவிட்டார்கள். சுடத் தொடங்கிய பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் எம்.எஸ்.எஃப்பிலிருந்து ராணுவத்துக்குத் தொலைபேசியில் தகவல் போனது. தவறு நடந்துவிட்டது என்று தலைமையகம் உணர்ந்தபோது மணி 2.37. அதற்குள் சுட்டு முடித்திருந்தார்கள். எம்.எஸ்.எஃப் கணக்கில் தாக்குதல் இதைவிட நீண்ட நேரம், சுமார் ஒரு மணி நேரம் நடந்தது.

விளக்கங்கள் மாறிய விதத்தையும் கவனிக்க வேண்டும். முதல் அறிக்கையில், அருகிலிருந்த மருத்துவ நிலையத்துக்குப் பக்கச் சேதம் ஏற்பட்டிருக்கலாம் என்றார்கள். பிறகு, ஆப்கன் படை கேட்டதால் தாக்கினோம் என்றார்கள். ஆப்கன் அதிகாரிகள் சிலர், உள்ளே தாலிபான்கள் ஒளிந்திருந்தார்கள் என்றார்கள். வளாகத்துக்குள் ஆயுதமேந்தியவர்களும் இல்லை, அங்கிருந்து யாரும் சுடவும் இல்லை என்று எம்.எஸ்.எஃப் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தது. கடைசியில் அமெரிக்க அறிக்கையே தவறு தம்முடையது என்று ஒத்துக்கொண்டது. ஒபாமா மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரலில் 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை. குற்ற வழக்கு எதுவும் இல்லை.

எச்சரிக்கை தரப்பட்டதா? இல்லை. அது மருத்துவமனை என்றே தெரியாதபோது எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

## சட்டமீறல் வேறு, போர்க்குற்றம் வேறு

இங்கேதான் வாசகர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அந்த அமெரிக்க அறிக்கை, சிலர் போர்ச் சட்டத்தைப் பின்பற்றத் தவறினார்கள் என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், இது போர்க்குற்றம் இல்லை, ஏனென்றால் வேண்டுமென்றே செய்யவில்லை என்றும் சொன்னது. இரண்டும் சேர்ந்திருக்க முடியுமா?

சட்டப்படி முடியும். எல்லாச் சட்டமீறலும் போர்க்குற்றம் ஆகாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், மருத்துவமனை மீது வேண்டுமென்றே தாக்குதல் நடத்துவதைத்தான் குற்றமாக்குகிறது. "அது மருத்துவமனை என்று எனக்குத் தெரியாது" என்பது அங்கே கனமான வாதம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சுட்டவர் தப்பிவிடலாமா? முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேச நீதிமன்றம், போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகையை நடத்திய போஸ்னிய செர்பியத் தளபதி கலிச் வழக்கில் 2003இல் அளித்த தீர்ப்பில், விளைவைப் பற்றிக் கவலைப்படாத பொறுப்பற்ற தாக்குதலும் இதற்குள் வரும் என்றது. அந்த வழக்கிலேயே கோஷெவோ மருத்துவமனையும் பேசப்பட்டது. அதன் வளாகத்திலிருந்து போஸ்னியப் படை மோர்ட்டார் சுட்டதற்கான சாட்சியத்தை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியும், பல தடவை நடந்த தாக்குதலில் சில எந்த ராணுவ இலக்கையும் நோக்கியவை அல்ல, நேரே மருத்துவமனையை நோக்கியவை என்று கண்டார்கள். மேல்முறையீட்டில் 2006இல் கலிச்சுக்கு ஆயுள் தண்டனை.

"எதிரி அங்கிருந்து சுட்டான்" என்பது ஒரு நாளுக்கான, ஒரு தாக்குதலுக்கான பதிலாக இருக்கலாம். மாதக்கணக்கில் அந்த இடத்தை அடித்துக்கொண்டே இருப்பதற்கு அது உரிமம் ஆகாது. இந்தத் தீர்ப்பை இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

## முகவரி கொடுத்தால் காப்பாற்றுமா?

குந்தூஸில் முகவரி கொடுத்தும் அது உரிய ஆளிடம் போய்ச் சேரவில்லை. சிரியாவில் எழுந்த சந்தேகம் இதைவிடப் பயங்கரமானது.

அங்கே ஐ.நா.வின் மனிதாபிமான அலுவலகம் மருத்துவமனைகளின் ஆயத்தொலைவுகளைச் சேகரித்து ரஷ்யா உள்ளிட்ட போர்த் தரப்புகளுக்குக் கொடுத்தது. தாக்காமல் தவிர்க்கத்தான். பட்டியலில் இருந்த இடங்களே தொடர்ந்து தாக்கப்பட்டதால், பல மருத்துவர்கள் இடத்தைச் சொல்வதே ஆபத்து என்று நினைக்கத் தொடங்கினார்கள். சில மருத்துவமனைகள் பூமிக்கடியிலும் குகைகளிலும் இயங்கின. 2019இல் ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த விசாரணைக் குழு, தான் ஆராய்ந்த சம்பவங்களில் பலவற்றைச் செய்தது சிரிய அரசு அல்லது அதன் கூட்டாளிகளாக இருக்கவே மிகுந்த வாய்ப்பு என்று சொன்னது. 2020 ஏப்ரலில் வெளியான சுருக்கத்தில் ரஷ்யாவின் பெயர் இல்லை. "கூட்டாளிகள்" என்று விட்டுவிட்டார்கள்.

வன்னியில் 2009இல் நடந்ததும் இதே வகை. ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, வன்னியின் எல்லா மருத்துவமனைகளும் மோர்ட்டாராலும் எறிகணைகளாலும் தாக்கப்பட்டன, சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன, அவை எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும் என்றது. மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அருகில் புலிகள் ஆயுதங்களை வைத்திருந்ததையும் அங்கிருந்து சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது.

அதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை பற்றி 2009 பிப்ரவரியில் ஸ்கை நியூஸ் தொலைக்காட்சி கேட்டபோது, பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே எந்த மருத்துவமனையும் இயங்கக்கூடாது என்ற பொருளில் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச பதில் சொன்னார். சட்டம் இதை ஏற்காது. வலயம் என்பது ஒரு தரப்பு கூடுதலாக அறிவிக்கும் ஏற்பாடு. மருத்துவமனைக்குப் பாதுகாப்பு அது மருத்துவமனை என்பதால் வருகிறது, வரைபடத்தில் எந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது என்பதால் அல்ல. எதிர்த்தரப்பு ஒருதலையாக அறிவித்த வலயத்துக்குள் போகாததால் எந்த மருத்துவமனையும் இலக்காகிவிடாது. இதே குழப்பம் இன்றைய வெளியேற்ற உத்தரவுகளிலும் வருகிறது. உத்தரவு கொடுத்துவிட்டோம் என்பதால் போக முடியாத நோயாளி போராளி ஆகிவிட மாட்டார்.

## மருத்துவரையே குற்றவாளியாக்குவது

குண்டு மட்டும்தான் தாக்குதல் என்று நினைக்க வேண்டாம். மருத்துவ நெறிப்படி சிகிச்சை தந்ததற்காக, அதனால் பயன்பெற்றவர் யாராக இருந்தாலும், ஒருவரைத் தண்டிக்கக்கூடாது என்பது முதல் நெறிமுறையின் 16ஆம் பிரிவு. சிரிய அரசு 2012 ஜூலையில் கொண்டுவந்த பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ், எதிர்த்தரப்பினருக்குச் சிகிச்சை தருவதே நடைமுறையில் குற்றமாகிவிட்டது. வன்னியில் கடைசிவரை இருந்த மருத்துவர்கள் அரசு ஊழியர்கள்தான், புலிகளின் ஆட்கள் அல்ல. போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். காவலில் இருந்தபடியே 2009 ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்பு தாங்கள் சொன்ன உயிரிழப்புக் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றார்கள். காவலில் இருப்பவர் சொன்னதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

## சின்னத்தைக் கெடுப்பவர்கள்

சிவப்புச் சிலுவை, சிவப்புப் பிறை, 2005இல் சேர்ந்த சிவப்புப் படிகம் ஆகிய மூன்றும் பாதுகாப்புச் சின்னங்கள். இவற்றை யுத்தத் தந்திரத்துக்குப் பயன்படுத்தினால் அடுத்த தடவை வரும் உண்மையான ஆம்புலன்ஸை யாரும் நம்ப மாட்டார்கள். 2008 ஜூலையில் கொலம்பிய ராணுவம் அந்நாட்டு அரசியல்வாதி இங்ரிட் பெத்தன்கூர் உள்ளிட்ட 15 பணயக்கைதிகளை ஒரு தோட்டாவும் சுடாமல் மீட்டு உலகமே கைதட்டியது. மீட்கப் போன குழுவில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தது பின்னால் தெரியவந்து, அதிபர் உரிபே வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் மேற்குக் கரையின் ஜெனின் நகரில் இஸ்ரேலியப் படையினர் மருத்துவ ஊழியர் வேடத்தில் மருத்துவமனைக்குள் போய் மூவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம் ஊரில் கிளினிக் பலகையிலும் டாக்டர் காரிலும் சிவப்புச் சிலுவை ஒட்டுகிறோமே, அதுவும் இந்தியாவின் 1960 ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி தவறு. போர்க்காலச் சின்னத்தை அமைதிக்காலத்தில் தேய்க்கக்கூடாது என்பதுதான் காரணம்.

## கடைசியில் யார் விசாரிப்பது?

2016 மே 3 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மருத்துவ ஊழியர்களையும் நிலையங்களையும் தாக்குவதைக் கண்டித்தது, விசாரணை கேட்டது. அலெப்போவின் அல்-குத்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கை தூக்கியவர்களில் குந்தூஸில் தாக்கிய அமெரிக்காவும் உண்டு, சிரியாவில் குண்டு வீசிக்கொண்டிருந்த ரஷ்யாவும் உண்டு.

இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

1. தாக்கிய படையின் சொந்த விசாரணை. நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான். 2025 மார்ச் 23 அன்று காசாவின் ரஃபாவில் ஆம்புலன்ஸ், மீட்புப் பணியாளர்களும் ஓர் ஐ.நா. ஊழியருமாக 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு மண்ணில் புதைக்கப்பட்டார்கள். வண்டிகள் விளக்கில்லாமல் சந்தேகத்துக்கிடமாக வந்தன என்றது இஸ்ரேலிய ராணுவம். இறந்த ஒருவரின் கைப்பேசியில் இருந்த காணொளியில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அதன் பிறகே கதை மாறியது, ஒரு துணைத் தளபதி பதவியிழந்தார். அந்தக் கைப்பேசி கிடைக்காமல் போயிருந்தால் முதல் அறிக்கையே வரலாறாகியிருக்கும்.
2. உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்பு. 2017 இறுதியிலிருந்து தாக்குதல்களைப் பதிவு செய்கிறது. யார் செய்தது என்று மட்டும் பதிவு செய்வதில்லை, அதன் பணி வரம்பு அப்படி.
3. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். சம்பந்தப்பட்ட நாடு உறுப்பினராக இருக்க வேண்டும், இல்லை அதன் அதிகாரத்தைத் தானே ஏற்க வேண்டும், அல்லது பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும். சிரியாவை அனுப்பும் முயற்சியை 2014 மே மாதம் ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. இலங்கை உறுப்பினரே இல்லை.
4. சர்வதேச மனிதாபிமான உண்மை கண்டறியும் ஆணையம். முதல் நெறிமுறையின் 90ஆம் பிரிவின் கீழ் 1991இல் அமைந்தது.

இந்த நான்காவதைத்தான் குந்தூஸுக்காக எம்.எஸ்.எஃப் கேட்டது. ஆணையமும் தயாராக இருந்தது, கடிதமும் எழுதியது. ஆனால் அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் சம்மதிக்க வேண்டும், சம்மதம் வரவில்லை. கால் நூற்றாண்டாக ஒரு வழக்கும் பார்க்காமல் இருந்த அந்த ஆணையத்துக்கு முதல் வேலை 2017இல் கிழக்கு உக்ரைனின் லுகான்ஸ்க் பகுதியில் கிடைத்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்பு வாகனம் கண்ணிவெடியில் சிக்கியதை அந்த அமைப்பே கேட்டுக்கொண்டதால் விசாரித்தார்கள். வெடியில் இறந்தவர் ஒரு மருத்துவ உதவியாளர். அப்போதும் குண்டு எப்படி வெடித்தது என்ற தடயவியல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல அனுமதி, யார் வைத்தது என்பது அவர்கள் வேலை இல்லை.